கெல்லர் கேட்ட மூன்று கேள்விகள்

லண்டனில் தமிழ்ப் புருஷன் பெண்சாதிமார் ஒருவருக்கொருவர் ஒளித்து வைத்திருக்கும் சங்கதிகள் முழுவதும் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் பங்குத் தந்தை இல்லை. பங்குத் தந்தையிடம் நாங்கள் பாதியைத்தான் சொல்கிறோம், மீதியை அவர் எங்கள் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். முழுவதும் தெரிந்தவர் கெல்லர். பழைய வீடுகளின் நிலவறைகளைத் திருத்தி, மனிதர் இருக்கக்கூடிய அறையாக்கிக் கொடுப்பது அவர் தொழில்.

கெல்லர் என்பது தாய் தகப்பன் வைத்த பெயர் இல்லை. மன்னாரில் பிறந்து, இருபத்திரண்டு வருடம் ஜெர்மனியில் கட்டட வேலை செய்து, பிள்ளைகள் இங்கிலீஷில்தான் படிக்க வேண்டும் என்று மனைவி ஒற்றைக்காலில் நின்றதால் மோர்டனுக்குக் குடிவந்தவர். ஜெர்மன் மொழியில் நிலவறைக்குக் கெல்லர் என்று பெயராம். வந்த புதிதில் யார் வீட்டுக்குப் போனாலும், வாசலில் சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே இங்கே கெல்லர் இருக்கிறதா என்று கேட்பார். ஆறு மாதத்துக்குள் கேள்வியே பெயராக ஒட்டிக்கொண்டது. அவருடைய மனைவியை எங்கள் பெண்கள் மிஸிஸ் கெல்லர் என்று கூப்பிடுவார்கள். அந்த அம்மாவும் கோபிக்காமல் திரும்பிப் பார்ப்பார்.

ஜெர்மன்காரன் முதலில் கெல்லரைக் கட்டிவிட்டு, மிச்சக் காசு இருந்தால் மேலே ஒரு வீடும் கட்டுவான் என்பது அவருடைய கொள்கை. இங்கிலீஷ்காரன் அப்படி இல்லையாம். வீட்டைக் கட்டி, திரைச்சீலையும் போட்டுவிட்டு, ஐயோ நிலக்கரியை எங்கே கொட்டுவது என்று யோசித்து அவசரமாக ஒரு குழி தோண்டியவனாம். அந்தக் கரிக் குழிகளுக்குள்தான் இன்றைக்கு நாங்கள் கட்டிலும் டிவியும் போட ஆசைப்படுகிறோம் என்று சொல்லிப் பெருமூச்சு விடுவார்.

ஒருமுறை ரெய்னர்ஸ் லேன் பக்கத்தில் ஒரு கலியாண வீடு. பெண்ணுக்கு இவர் மாமன் முறை. குடும்பப் படம் எடுக்க எல்லோரும் மேடையில் வரிசையாக நிற்க, மாமனைக் காணவில்லை. மண்டபம் முழுவதும் தேடி, கடைசியில் கீழே பொய்லர் அறையில் கண்டுபிடித்தார்கள். கையில் புரியாணித் தட்டு. சாப்பாட்டுக் கரண்டியால் சுவரைத் தட்டித் தட்டிக் காது கொடுத்துக்கொண்டிருந்தாராம். அந்தப் படம் இன்றும் பெண் வீட்டு ஹோலில் தொங்குகிறது. எல்லோரும் கமராவைப் பார்த்துச் சிரிக்க, தோளில் ஒரு முழுச் சிலந்தி வலையோடு இவர் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

இப்படிப்பட்டவரிடம் ஒரு வேலைக்கு என்ன செலவாகும் என்று கேட்டால், சாதாரண மனிதனைப் போல ஒரு தொகை சொல்லமாட்டார். முதலில் அளக்க வேண்டும், பிறகு ஈரத்தை மூக்கால் மணக்க வேண்டும், அதற்குப் பிறகு வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்காரவைத்து ஆளுக்கொரு கடதாசித் துண்டு கொடுப்பார். ஒருவர் எழுதுவதை மற்றவர் பார்க்கக்கூடாது. கேள்விகள் மூன்று. உண்மையாக எவ்வளவு காசு தருவீர்கள்? மற்றவர்களுக்குச் சொல்லாமல் என்ன செய்து வைத்திருக்கிறீர்கள்? அந்த அறை உங்களுக்கு ஏன் வேண்டும்? எழுதிய துண்டுகளைத் தன்னுடைய மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்துப் பிடித்து வாங்கிக்கொள்வார். அவரைத் தவிர வேறு யாரும் வாசிக்க முடியாது. வேலை தொடங்கியதும் அவற்றைப் பொடிப்பொடியாகக் கிழித்து அந்த வீட்டு நிலத்துக்குப் போடும் கொங்கிரீட்டிலேயே கலந்துவிடுவார்.

பேஸ்மென்ட் பட்ஜெட் தண்ணீரால் குழம்பியதை அவர் கண்டதில்லையாம். வேலை பாதியில் நிற்பது எல்லாம் புருஷனும் பெண்சாதியும் ஒளித்த விஷயங்களால்தானாம். டூட்டிங்கில் ஒரு குடும்பம். துண்டுகளை வாசித்துவிட்டுக் கெல்லர் புதுக் கணக்கு ஒன்று கொடுத்தார். மொத்தத் தொகையில் நாலாயிரம் குறைந்திருந்தது. ஆனால் முந்தி இல்லாத இரண்டு அலுமாரிகள் வரைபடத்தில் முளைத்திருந்தன. ஒன்று கிழக்குச் சுவரில், ஒன்று மேற்குச் சுவரில், இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு. கணவனும் பார்த்தார், மனைவியும் பார்த்தார், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வேலை சொன்ன காசுக்குள் முடிந்தது.

இதையெல்லாம் கேள்விப்பட்டபோது நான் சிரித்தவன். எனக்கு இந்தக் குறளி வித்தைகளில் நம்பிக்கை இல்லை. நான் கணக்கு எழுதி வயிறு வளர்ப்பவன். கிழக்கு லண்டனில் பதினேழு கடைகளுக்கு வருடக் கணக்கு முடித்துக் கொடுக்கிறேன். என்னுடைய எக்செல் தாளைப் பார்த்துக் கணக்குக் கேட்க வந்த அதிகாரிகளே தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் பேசாமல் போயிருக்கிறார்கள்.

செவன் கிங்ஸில் எங்கள் வீடு நூறு வருடத்துக்கு மேல் பழையது. அடியில் ஒரு நிலவறை உண்டு. வாங்கிய நாளிலிருந்து அதன் கதவை நாங்கள் வருடத்துக்கு இரண்டு தரம் திறப்போம், நாற்றத்தைக் கண்டு மூடிவிடுவோம். அந்தக் கதவுக்கு வேலை வந்தது மகள் டிலானியால். அவளும் மருமகன் நிக்சனும் வாடகை வீட்டில் இருந்தார்கள். அவள் பிள்ளைத்தாய்ச்சியாகி நாலாம் மாதம் நடக்கும்போது வீட்டுக்காரன் வாடகையை ஏற்றினான். நிக்சனுக்கு வடக்கே ஒரு ஊரில் வேலை கிடைக்கும் போலிருந்தது. லண்டனில் ஒரு கார் கராஜ் வாங்குகிற காசுக்கு அங்கே மூன்று அறை வீடு வாங்கலாமாம். ரயிலில் நாலு மணித்தியாலம்.

என் மனைவி றீற்றா அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாள் காலை அவளே நிலவறைக் கதவைத் திறந்து, மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளையை நான் விடமாட்டன். கீழை ஒரு அறை போடுங்கோ" என்றாள்.

அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். பேரப்பிள்ளை இந்த வீட்டில் வளர வேண்டும். டிலானியிடம் சொன்னபோது அவள் சரி அம்மா என்றாள். நானும் உடனே எக்செலைத் திறந்தேன். அறுபத்துநாலு வரிகள். ஈரத்துக்குப் பச்சை நிறம், மின்சாரத்துக்கு மஞ்சள் நிறம், வேலையாட்களின் தேத்தண்ணீருக்குக்கூட ஒரு வரி. மொத்தம் முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு பவுண். எங்கள் சேமிப்பு நாற்பதாயிரம். ஆயிரத்து ஐந்நூறு மிச்சம் வருகிறதே, அதற்கு என்ன வாங்கலாம் என்று யோசித்த மனிதன் நான்.

விலை கேட்க முதலில் ஒருவரைக் கூப்பிட்டோம். பளபளவென்று சப்பாத்துப் போட்ட இளந்தாரி. படியில் மூன்றாவது தட்டுக்குக் கீழே அவர் இறங்கவேயில்லை, சப்பாத்துக்குப் பயம். பத்து நிமிடத்தில் முப்பத்திரண்டாயிரம் என்றார், எல்லாம் அதற்குள் அடக்கம் என்றார், போய்விட்டார். என் தாளை விடவும் குறைவு. நான் மீசையை முறுக்கினேன். றீற்றாவுக்கு மனம் ஒப்பவில்லை. மாதா பெருநாளில் கண்டு பழகிய கெல்லரை அவளாகவே அழைத்துவிட்டாள்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மோர்டனிலிருந்து வேன் வந்தது. மடக்குக் கதிரை ஒன்று, ஃப்ளாஸ்க் ஒன்று, டோர்ச் ஒன்று, சமையலறை அலுமினியத் தாள் ஒரு சுருள். இவ்வளவுதான் அவருடைய கருவிகள். கீழே இறங்கினார், கதிரையை விரித்தார், லைட்டை அணைத்தார், உட்கார்ந்தார். பத்து மணிக்கு எட்டிப் பார்த்தேன், உட்கார்ந்திருந்தார். பதினொரு மணிக்கும் அப்படியே. மத்தியானம் றீற்றா சோறும் மீன்குழம்பும் கொடுத்தனுப்பினாள். தட்டை நீட்டிக்கொண்டே என்ன செய்கிறீர்கள் அண்ணை என்று கேட்டேன்.

"வேலை செய்யிறன் தம்பி. லைற்றை நிப்பாட்டிப்போட்டுப் போங்கோ."

இரண்டு மணிபோல எழும்பி, சுவரை விரலால் தடவி, அந்த விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். உப்பு நல்லாக் கூடிப்போச்சு என்று கீழிருந்து ஒரு குரல் வந்தது. சமையலறையில் நின்ற றீற்றா திடுக்கிட்டுப்போய் மீன்குழம்பை மூன்று தரம் சுவைத்துப் பார்த்தாள். சுவரில் ஊறிய உப்பைத்தான் சொன்னார் என்று நான் விளக்கிய பிறகும் அவளுக்கு அன்று முழுவதும் சந்தேகம் போகவில்லை.

நாலு மணிக்கு மேலே வந்து அறிக்கை வாசித்தார். பக்கத்து வீட்டு வோஷிங் மெஷின் பதினொன்றே காலுக்குத் தண்ணீரை வெளியே விடுகிறது, அதில் கொஞ்சம் எங்கள் சுவருக்குள் வருகிறது. வீதியின் கீழ் ஓடும் குழாய் ஒன்றில் மெல்லிய ஒழுக்கு. தெருவில் யாரோ ட்ரம்பெட் பழகுகிறார், அவருக்கு அது வராது. பிறகு அலுமினியத் தாளில் நாலு சதுரம் வெட்டிச் சுவரிலும் தரையிலும் ஓரம் முழுக்க டேப் போட்டு ஒட்டினார். இரண்டு கிழமைக்கு ஒருவரும் தொடக்கூடாது. தாளின் வெளிப்பக்கம் வியர்த்தால் அது எங்கள் மூச்சும் சமையலும். உட்பக்கம் வியர்த்தால் நிலத்துத் தண்ணீர். இரண்டு கிழமை கழித்து உரித்தார். இரண்டு பக்கமும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

என் எக்செல் தாளைப் பெருமையோடு கொடுத்தேன். பரீட்சைப் பேப்பர் திருத்துவது போல ஒவ்வொரு வரியாக வாசித்தார். நிறங்கள் நல்ல வடிவு என்றார். பிறகு நிக்சனைக் கூப்பிட்டு நிலவறையில் நிமிர்ந்து நிற்கச் சொன்னார். நிக்சன் ஆறடி இரண்டங்குலம். நிமிர்ந்த இடத்தில் டங் என்று ஒரு சத்தம்.

"இதுக்கு எத்தினையாம் வரியிலை காசு போட்டிருக்கிறியள், தம்பி?" என்று என்னைக் கேட்டார்.

போடவில்லை. நிலத்தை ஒன்றரை அடி தோண்டினால்தான் மருமகன் நிமிரலாம். அவ்வளவு தோண்டினால் வீட்டின் அத்திவாரத்துக்குக் கீழே போய்விடும். அப்போது சுவருக்கு அடியில் துண்டு துண்டாகப் புது அத்திவாரம் வைக்க வேண்டும். அதற்கு ஒரு இன்ஜினியர், கவுன்சிலின் அனுமதி. இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்களின் எழுத்துச் சம்மதம், அவர்கள் வைக்கும் ஆளுக்கும் நாங்களே கூலி. தீப்பிடித்தால் வெளியே வர ஒரு ஜன்னல். ஊறும் தண்ணீரை இறைக்க ஒரு பம்ப், கரண்ட் போனால் அதை ஓட்ட ஒரு பெரிய பட்டரி. கடைசி வரியில் 'தெரியாதது' என்று எழுதி, மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கை அதற்கு ஒதுக்கினார். பழைய வீட்டைத் திறக்கும்போது உள்ளே என்ன இருக்கும் என்று கட்டினவனுக்கும் தெரியாதாம். கூட்டிப் பார்த்தார். எழுபத்தோராயிரம் பவுண்.

நான் என் எக்செல் தாளை மடித்து வைத்தேன். றீற்றா மட்டும் அசையவில்லை. மிச்சக் காசுக்கு வீட்டின் மேல் கடன் எடுப்போம் என்றாள். அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிற எனக்கு இன்னும் பத்து வருடம் பதினேழு கடைக் கணக்கையும் பார்த்துக் கடன் கட்டலாம் என்று அவளே கணக்கும் போட்டுவிட்டாள். மகள் வடக்கே போய்விடுவாள் என்ற பயம் ஒருத்தியை எவ்வளவு கெட்டிக்காரி ஆக்கும் என்று அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்து மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, நாங்கள் நாலு பேரும் கெல்லரின் துண்டுகளோடு மேசையில் உட்கார்ந்தோம். பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் நின்ற சின்ன வயதுக்குப் பிறகு நான் அப்படிக் கூச்சப்பட்டதில்லை. மேசையைச் சுற்றி ஆளாளுக்குக் கையை மறைத்துக்கொண்டு எழுதினோம். நான் எழுதியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த அறையின் ஒரு மூலையில் எனக்கு ஒரு மேசை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கதை எழுத வேண்டும் என்று ஒருவருக்கும் சொல்லாமல் வரைபடத்தில் நாலடி திருடி வைத்திருந்தேன்.

றீற்றா எழுதியதைப் பிறகு அவளே சொன்னாள். சீட்டுப் போட்டு எனக்குத் தெரியாமல் பதினோராயிரம் சேர்த்திருந்தாள். பதினேழு கடைகளின் கணக்கில் ஒரு பென்னி பிசகினாலும் கண்டுபிடிக்கிற எனக்கு, என் வீட்டுக்குள் பதினோராயிரம் வளர்ந்தது தெரியவில்லை. அது போதாது என்று, ஆவணி மாதா பெருநாளன்று புது அறையை ஆசீர்வதிக்கப் பங்குத் தந்தைக்குச் சொல்லி, எண்பது பேரை அழைத்து, றோல்ஸ், பட்டிஸ் பலகாரங்களுக்கும் ஓடர் கொடுத்துவிட்டாள். ஒரு செங்கல்கூட அசையாத அறைக்கு. எங்கள் ஆட்களில் இது ஒன்றும் புதுமையில்லை. திகதியைக் குறித்துவிட்டால் வேலை தானாக முடியும் என்பது எங்கள் நம்பிக்கை.

கெல்லர் மூக்குக் கண்ணாடியைப் போட்டார். முதலில் என் துண்டை வாசித்தார், மீசை ஒருதரம் அசைந்தது. றீற்றாவின் துண்டை வாசித்து, அவளை மரியாதையோடு நிமிர்ந்து பார்த்தார். நிக்சனுடையதை வாசித்தார். டிலானியுடையதை வாசித்தார். திரும்பவும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாம் தரமும் வாசித்தார். எல்லாத் துண்டுகளையும் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழும்பினார். எழும்பியவர் மாடிப்படியில் ஏறத் தொடங்கினார்.

எந்த வீட்டிலும் அந்த மனிதர் மேலே ஏறியதாகச் சரித்திரம் இல்லை. வழி தவறிவிட்டார் என்று நினைத்து, அண்ணை பேஸ்மென்ட் இந்தப் பக்கம் என்றேன். அவர் கேட்கவில்லை. நாங்கள் நாலு பேரும் பின்னால் ஓடினோம். மாடியில் பின்பக்கத்துப் பெரிய அறையின் கதவைத் திறந்தார். முழுவதும் திறக்கவில்லை, பாதியில் ஏதோ முட்டியது.

அந்த அறையைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. பதினொரு அரிசி மூட்டைகள். பெருநாளுக்கும் செத்தவீட்டு அந்தியேட்டிக்கும் பங்குச் சனம் முழுவதும் இரவல் வாங்கும், நூறு பேருக்குச் சோறாக்கும் மூன்று கிடாரங்கள். ஒன்பது சூட்கேஸ்கள், அவற்றில் நாலு உருட்டச் சில்லில்லாதவை. எங்கள் கலியாணத்துக்கு வந்து இன்னும் பெட்டி பிரிக்காத பீங்கான் செட்டுகள். ஊருக்கு அனுப்ப நாலு வருடமாகப் பாதி நிரம்பிக் கிடக்கும் கார்கோப் பெட்டி. ஒரு பழைய ஃப்ரீசர். பக்கத்துச் சின்ன அறையையும் திறந்து பார்த்தார். அதற்குள் பிளாஸ்டிக் கதிரைகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கெல்லர் திரும்பி வந்து ஜன்னலடியில் இருந்த ரேடியேட்டரில் கையை வைத்தார். அது சூடாக இருந்தது.

"தங்கச்சி, அரிசிக்குக் குளிருமோ?" என்று கேட்டார்.

றீற்றா ஒரு கிடாரத்தின் மேலிருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"மூண்டு கிடாரம் வெயில் படுற அறையிலை சுகமா இருக்குது. பெத்த பிள்ளையையும் பேரப்பிள்ளையையும் எழுபத்தோராயிரம் குடுத்து நிலத்துக்குக் கீழை இறக்கப் பாக்கிறியள். சாமானைக் கீழை இறக்குங்கோ, ஆக்களை மேலை ஏத்துங்கோ. இதுதான் என்ரை பட்ஜெட்."

றீற்றாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் கிடாரங்கள் அவளுடைய சீதனத்தைவிடப் பெரியவை. எண்பது பேருக்குச் சொல்லியாகிவிட்டது. மகளுக்குத் தனிக் குளியலறையோடு அறை தருவதாக நேர்ந்துகொண்டவள் அவள். செய்ய விருப்பமில்லை என்றால் சொல்லிவிடுங்கள், வேறு ஆட்கள் முப்பத்திரண்டாயிரத்துக்கு நிற்கிறார்கள் என்றாள்.  கெல்லர் தலையைக் குனிந்துகொண்டார்.

"விருப்பமில்லாமல் இல்லை, தங்கச்சி. எனக்கு இந்தக் கெல்லர் செய்ய ஏலாது. இந்தத் தண்ணியோடை என்னாலை மல்லுக்கட்டேலாது."

என்னால் நம்ப முடியவில்லை. ஆற்றங்கரை வீடு ஒன்றில் தவளை குடித்தனம் நடத்திய நிலவறையைக் காயவைத்து, அதற்குள் பியானோ வைத்துக் கொடுத்தவர் என்று பேர் எடுத்த மனிதர். ஏலாது என்ற சொல்லை அவர் வாயில் நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை.

அப்போது டிலானி, சூட்கேஸ்களுக்கு இடையில் உடம்பைச் சரித்து நுழைந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜன்னலண்டை போய் நின்றாள். வெயில் முகத்தில் அடித்தது. அவள் தாயைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"அம்மா, எனக்கு இந்த அறையே காணும், வேறை ஒண்டும் தேவையில்லை."

"இஞ்சை இருப்பியோ? வடக்கை போகமாட்டியோ?"

"இருப்பன்."

றீற்றா மகளைப் பார்த்தாள், அரிசி மூட்டைகளைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்தாள். பிறகு குனிந்து பெரிய கிடாரத்தின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு, என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறியள், மற்றப் பக்கம் பிடியுங்கோ என்று என்னை அதட்டினாள்.

எங்கள் நிலவறைக்குக் கெல்லர் கடைசியில் போட்ட கணக்கு ஏழாயிரத்து எண்ணூறு. காற்று வந்துபோக வழி, சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, தரைக்கு மேல் ஓரடி உயர்த்தித் தட்டுகள், லைட், படிக்கு ஒரு கைபிடி. பக்கத்து வீட்டு வோஷிங் மெஷினை அவரே போய்த் திருத்திவிட்டு வந்தார், அதற்குக் காசு வாங்கவில்லை. முடிவில் நூற்றறுபது பவுண் மிஞ்சியது என்று ஒரு உறையில் போட்டுத் திருப்பித் தந்தார். மூலையில் நாலடி நீளப் பலகை ஒன்று, மேசை உயரத்தில். எதற்கு என்று றீற்றா கேட்டதற்கு, அது சுவருக்கு ஒரு பிடிமானம் என்று முகத்தை நேராக வைத்துக்கொண்டு சொன்னார்.

றோல்ஸும் பட்டிஸும் வீணாகவில்லை. மாதா பெருநாளன்று எண்பது பேரும் வந்தார்கள். பங்குத் தந்தை கீழே இறங்கி, செபம் சொல்லி, பதினொரு அரிசி மூட்டைக்கும் மூன்று கிடாரத்துக்கும் தீர்த்தம் தெளித்தார். படி ஒடுக்கமானதால் சனம் பத்துப் பத்துப் பேராக இறங்கிக் கும்பிட்டுவிட்டு ஏறியது. வந்தவர்களில் ஒருவர்கூட இது என்ன கூத்து என்று கேட்கவில்லை. அரை மணித்தியாலத்துக்குள் கெல்லரிடம் ஆறு பேர் விலை கேட்டார்கள்.

பேத்தி பிறந்து மூன்று மாதமிருக்கும். ஒருநாள் சமையலறையில் நானும் டிலானியும் மட்டும் இருந்தபோது அவளாகவே அந்தத் துண்டைப் பற்றிச் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நிலவறை என்றால் மூச்சு முட்டும். இரண்டாவது படிக்குக் கீழே அவள் ஒருநாளும் இறங்கியதில்லை. ஒரே வீட்டில் வளர்த்த பிள்ளை, இருபத்தொன்பது வயதாகியும் எனக்கு அது தெரியாது. அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருக்கும்போது எப்படி வேண்டாம் என்பது என்று தெரியாமல், தோண்டும் வேலை தொடங்குகிற அன்றைக்கு வடக்கே அந்த வேலைக்குச் சம்மதம் சொல்லிவிடுவதென்று நிக்சனும் அவளும் பேசி வைத்திருந்தார்கள். 'எனக்கு நிலத்துக்குக் கீழே படுக்கப் பயம், அம்மாவுக்குச் சொல்லிவிடாதேயுங்கோ.' இதைத்தான் எழுதியிருந்தாளாம். எழுபத்தோராயிரத்துக்கு ஒரு அறையைக் கட்டி, பிள்ளையை ரயிலேற்றி அனுப்பிவிட்டு, நானும் றீற்றாவும் அந்த அறையைப் பார்த்துக்கொண்டு கடன் கட்டியிருப்போம். இந்தக் கதையை எழுத டிலானி இப்போது சம்மதம் தந்துவிட்டாள். தாய்க்கும் அவளே சொல்லிவிட்டாள்.

அன்றைக்கே கெல்லருக்கு ஃபோன் எடுத்தேன். நன்றி சொல்லத்தான் எடுத்தேன். டிலானி எழுதிய துண்டைப் பற்றி எனக்குத் தெரியும் அண்ணை என்று மட்டும் சொன்னேன்.

"எந்தத் துண்டு, தம்பி? அண்டைக்கு நான் கண்ணாடி கொண்டுவர மறந்திட்டன். ஒண்டும் வாசிக்கேல்லை" என்றார். பிறகு, பலகையில் ஈரம் ஏறுகிறதா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

எங்கள் வேலைக்கென்று மூன்று மாதத்தை ஒதுக்கி, வேறு இரண்டு வேலைகளை வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். அது எங்களுக்குத் தெரியாது. அந்த மூன்று மாதத்தில் எங்கள் சின்ன வேலை போக மிச்ச நாளெல்லாம் இன்னொருவருடைய கட்டடத்தில் நாள் கூலிக்குச் சுவர் பூசப் போனார் என்று நிக்சன் எங்கேயோ கேட்டு வந்து சொன்னான். லண்டன் முழுவதும் தன்னை நம்பித்தான் நிலவறை இறக்குகிறது என்று பெருமைப்பட்ட மனிதர், ஒரு பிள்ளையின் பயத்தை மறைப்பதற்காக, தனக்கு வேலை தெரியாது என்று அவள் தாய் நினைக்கும்படி நின்றுவிட்டுப் போயிருக்கிறார்.

இதை நான் அந்தப் பலகையில்தான், அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பேத்திக்கு இரண்டு வயது. தலைக்கு மேலே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிறாள், பின்னாலே றீற்றா சோற்றுக் கிண்ணத்தோடு ஓடுகிறாள். பழைய பலகைத் தரை, வீடே இடிந்து விழுவது போலச் சத்தம். இந்தச் சத்தத்தில் ஒரு வரிகூட ஒழுங்காக எழுத முடியவில்லை. பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். கெல்லர் அண்ணை நல்லாயிருக்க வேண்டும்.